ஊசியின் சாட்சியம்: சூப்பர்சார்ஜர் பூட்டிய லாரியும் அதன் மானிகளும்

1918ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு லாரி ஒன்று ஏறிச் சென்றது. அதன் முதுகில் இருந்தது லிபர்ட்டி எனப் பெயரிடப்பட்ட 12 சிலிண்டர் விமான எஞ்சின். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், எஞ்சினின் கழிவுப்புகையால் சுழலும் காற்றழுத்தி ஒன்றை அதில் பொருத்தியிருந்தார். உயரம் 14,109 அடி. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் அழுத்தியின் துணையின்றி 230 குதிரைத்திறனே தந்தது. அழுத்தியை இயக்கியபோது 356 தந்தது.

தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் இந்த மூன்று எண்களை டர்போவின் பிறப்புச் சான்றிதழாகக் கொள்கின்றன. ஆனால் அவை மானிகளின் வெற்றியுமாகும். மலைக்காற்றில் எஞ்சின் உறுமுவதைக் கேட்டு எவரும் 230ஐயும் 356ஐயும் வேறுபடுத்தியிருக்க இயலாது. காதுக்கும் மூக்குக்கும் எட்டாத ஒன்றை எண்ணாக மாற்றிக் காட்டினால்தான், அழுத்தமூட்டப்பட்ட எஞ்சினைப் பற்றிப் பேசவே முடியும்.

இன்று ஒரு பிக்கப் லாரியில் சூப்பர்சார்ஜரைப் பூட்டுபவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வியும் இதுவே. எந்த மானிகள் வேண்டும்? அவற்றை எங்கே பொருத்துவது? பட்டறைகளில் இது கருவி வாங்கும் சிக்கலாகப் பேசப்படுகிறது. வரலாற்றில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு மானியின் முகப்பிலும் மூன்று பழைய முடிவுகள் உறைந்திருக்கின்றன: எதைப் பூஜ்யம் எனக் கொள்வது, எந்த இடத்தில் அளப்பது, அளந்ததை யாருக்குக் காட்டுவது. இம்மூன்றும் தெரியாமல் ஊசியை மட்டும் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார்.

1. நீராவிக் காலத்து அச்சம்

அழுத்தமானியின் வரலாறு விபத்திலிருந்து தொடங்குகிறது. 1803ஆம் ஆண்டு லண்டனை அடுத்த கிரீனிச்சில், ரிச்சர்டு டிரெவிதிக் வடிவமைத்த உயரழுத்த நீராவி எஞ்சினின் கொதிகலன் வெடித்து நால்வர் மாண்டனர். பிழை வடிவமைப்பினுடையதன்று, இயக்கியோரின் கவனக்குறைவே என்பது டிரெவிதிக் தரப்பின் வாதம். ஆயினும் அதன்பின் அவர் தம் கொதிகலன்களை மாற்றினார். இரண்டு பாதுகாப்பு வால்வுகளை வைத்து, அவற்றுள் ஒன்றை மட்டுமே இயக்குபவரின் கைக்கு எட்டவிட்டார். நீர்மட்டம் குறைந்தால் உருகிவிடும் ஈயச் செருகியைப் பொருத்தினார். அழுத்தத்தைக் காட்டப் பாதரசத்தையும் சேர்த்தார்.

இந்தப் பட்டியலை ஊன்றிப் பார்க்கவேண்டும். வால்வும் ஈயமும் மனிதரைக் கேளாமல் தாமே செயல்படுபவை. பாதரசமோ மனிதருக்குத் தகவல் மட்டும் தந்து, முடிவை அவரிடமே விடுவது. இயந்திரத்தைத் தானே காத்துக்கொள்ளச் செய்வதா, இயக்குபவருக்கு அறிவூட்டிக் காப்பதா என்னும் இருவழிப் பிரிவு அப்போதே தோன்றிவிட்டது. இன்றைய லாரியின் டேஷ்போர்டு வரை அந்தப் பிரிவு தொடர்கிறது.

பாதரசத்துக்கு ஓர் இடையூறு இருந்தது. ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்க ஏறத்தாழ 30 அங்குல உயரப் பாதரசத் தூண் வேண்டும். பத்து வளிமண்டலத்துக்கு அது ஏழரை மீட்டரைத் தாண்டும். குலுங்கியோடும் ரயில் எஞ்சினில் அத்தகைய கண்ணாடிக் குழாயை நிறுத்தமுடியாது. தீர்வு 1849இல் பாரிஸில் கிடைத்தது. தட்டையாக நசுங்கிய, வளைந்த குழாய் ஒன்றினுள் அழுத்தம் ஏறும்போது அது வளைவு விரிந்து நிமிர முயல்வதை யூஜீன் போர்டான் கண்டார். குழாயின் ஒரு முனையைப் பொருத்தி மறுமுனையைச் சிறு பற்சக்கரத்தோடு இணைத்தால் ஊசி சுழலும். அளவில் சிறியது, குலுக்கலைத் தாங்கக்கூடியது, கண்ணாடித் தூண் தேவையற்றது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அது பலரின் கவனத்தை ஈர்த்தது. நூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும், கடைகளில் விற்கும் இயந்திர வகை அழுத்தமானியின் மூடியைக் கழற்றினால் உள்ளே அதே வளைந்த பித்தளைக் குழாய்தான் இருக்கும்.

சொல்லின் வரலாறும் இங்கே குறிக்கத்தக்கது. மேனோமீட்டர் என்னும் சொல்லை 1705இல் பிரெஞ்சுக் கணிதவியலார் பியர் வாரிஞோன் உருவாக்கினார். அதன் முதற்பகுதி, அடர்த்தியற்ற, நெகிழ்ந்த என்று பொருள்படும் கிரேக்கச் சொல். காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளப்பதே அந்தக் கருவியின் நோக்கமாக எண்ணப்பட்டது. தமிழில் வழங்கும் மானி என்பது அளத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. இரண்டிலும் ஒலிக்கும் மா என்னும் அசை தற்செயல் ஒற்றுமையே. எனினும் மெலிந்த காற்றை அளக்கப் பிறந்த சொல், காற்றைச் செறிவாக்கும் சூப்பர்சார்ஜரின் மானிக்கும் பின்னர் உரியதாயிற்று.

2. பூஜ்யம் எங்கே தொடங்குகிறது

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரே இயற்பியல் அளவை மூன்று நாட்டு விமானிகள் மூன்று மொழிகளில் படித்தனர். பிரிட்டிஷ் விமானத்தில் அது பூஸ்ட் எனப்பட்டது. கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்தைப் பூஜ்யமாகக் கொண்டு, அதற்கு மேலோ கீழோ சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று ஊசி காட்டியது. அமெரிக்க விமானத்தில் அதுவே மேனிஃபோல்டு அழுத்தம். வெற்றிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டு, பாதரச அங்குலத்தில் எழுதப்பட்டது. ஜெர்மன் விமானத்திலும் பூஜ்யம் வெற்றிடமே, ஆனால் அலகு வேறு: சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை என்பது ஓர் ஆட்டா.

ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் இதற்கு நல்ல சான்று. பேக்கார்டு நிறுவனம் அதை டெட்ராய்ட்டில் உரிமம் பெற்றுத் தயாரித்தது. அத்தகைய எஞ்சின் அமெரிக்க மஸ்டாங் விமானத்தில் அமர்ந்தபோது அதன் போர்க்கால உச்சவரம்பு 67 அங்குலம். அதே அழுத்தம் பிரிட்டிஷ் மானியில் +18 பவுண்டு. ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் 605ஏ எஞ்சினின் 1.42 ஆட்டா என்பது அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 41 அங்குலம், பிரிட்டிஷ் கணக்கில் +5.5 பவுண்டு. எண்களை மட்டும் வைத்து 67 பெரிதா 18 பெரிதா என்று கேட்பது பொருளற்றது. மொழிபெயர்ப்பில் வழுவாத சொல் இல்லை என்பது போல, அலகுமாற்றத்தில் பூஜ்யத்தை மறந்தால் எல்லாமே வழுவிவிடும்.

லாரிக்கு விற்கப்படும் பூஸ்ட் மானிகள் பெரும்பாலும் நான்காவது ஒரு பூஜ்யத்தைக் கொண்டவை. மானி இருக்கும் இடத்து வளிமண்டலமே அவற்றின் பூஜ்யம். கடலோர நகரில் 8 பவுண்டு காட்டினால், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் முழு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 22.7 பவுண்டு. பைக்ஸ் பீக் உச்சியில் அதே 8 காட்டினால் முழு அழுத்தம் 17 பவுண்டைக்கூட எட்டாது. ஊசி ஒரே இடத்தில் நிற்கிறது, எஞ்சின் உண்ணும் காற்றோ கால்பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. மலைப்பாதையில் லாரி திணறும்போது மானி சரியாகத்தானே காட்டுகிறது என்று வியப்பவர், மானி எதனோடு ஒப்பிட்டுப் பேசுகிறது என்பதைக் கேட்கத் தவறியவர்.

3. ஊதுகருவி லாரிக்கு வந்த வழி

சூப்பர்சார்ஜரின் மூதாதை எஞ்சினுக்காகப் பிறந்ததன்று. இண்டியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டப் பயன்பட்டது. இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தழுவிச் சுழன்று காற்றைத் தள்ளும். அதை எஞ்சினின் சுழற்சியாலேயே இயக்கலாம் என்பது பின்னர் வந்த எண்ணம். கழிவுப்புகையால் இயங்கும் மாற்று வழிக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பியூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். மாஸின் கருவி முதலில் டர்போ-சூப்பர்சார்ஜர் என்றே அழைக்கப்பட்டது. பிற்காலத்தில் நடுச்சொல் உதிர்ந்து டர்போசார்ஜர் ஆனது. வகைப்பெயருக்குள் அடங்கியிருந்த சொல், அதே வகைப்பெயருக்கு எதிர்ச்சொல்லாக மாறியது. இன்று சூப்பர்சார்ஜர் என்றால் பட்டையாலோ பற்சக்கரத்தாலோ எஞ்சினே சுழற்றுவது, டர்போ என்றால் புகை சுழற்றுவது என்று பொருள் பிரிந்துவிட்டது.

லாரிகளில் டீசல் முந்தியது. ஸ்விட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் 1938இல் லாரிக்கான டர்போ டீசலை உருவாக்கியது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட 71 வரிசை இருவீச்சு டீசலில் ரூட்ஸ் ஊதுகருவி உடன்பிறந்த உறுப்பாக இருந்தது. அங்கே அதன் முதன்மைப் பணி சிலிண்டரிலுள்ள எரிந்த புகையைத் துடைத்து வெளியேற்றுவது. போருக்குப் பின் அமெரிக்க இளைஞர்கள் அந்த லாரி எஞ்சின்களின் ஊதுகருவியைக் கழற்றிப் பந்தயக் கார்களின் பெட்ரோல் எஞ்சின்மீது ஏற்றினர். 6-71 என்னும் பெயர் பந்தய உலகில் நிலைத்தது அப்படித்தான். 1954இல் வோல்வோவின் டைட்டன் லாரி டர்போ பெற்று 150இலிருந்து 185 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது.

1952இல் நடந்த ஒன்று இங்கே தனித்து நினைக்கத்தக்கது. கம்மின்ஸ் நிறுவனத்தின் டர்போ டீசல் எஞ்சினைக் கொண்ட கார் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதல் வரிசையின் முதலிடத்தைத் தகுதிச்சுற்றில் பெற்றது. பந்தயத்தில் 71 சுற்றுகளே ஓடியது. ஓடுபாதையின் துகள்கள் டர்போவின் காற்றுவாயை அடைத்துவிட்டன. உலகமே வியந்த எஞ்சினை வீழ்த்தியது உலோகச் சிதைவன்று, மூச்சடைப்பு. காற்றின் பாதையில் எந்த இடத்தில் என்ன அழுத்தம் என்று அறிவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

பெட்ரோல் பிக்கப்களில் சூப்பர்சார்ஜர் ஆலையிலிருந்தே வந்ததற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஃபோர்டின் எஃப்-150 லைட்னிங். 1999இல் வெளிவந்த அதன் 5.4 லிட்டர் எஞ்சின்மீது ஈட்டன் நிறுவனத்தின் எம்112 ரூட்ஸ் வகை ஊதுகருவி இருந்தது. 360 குதிரைத்திறன். 2001 மாடலில் அது 380 ஆனது. இத்தகைய லாரியில் ஊதுகருவியின் கப்பியைச் சற்றே சிறியதாக மாற்றினால் அது விரைந்து சுழன்று கூடுதல் காற்றைத் தள்ளும். மலிவான, எளிதான மாற்றம். ஆலைப் பொறியாளர் வைத்திருந்த எல்லைகளை உரிமையாளர் கடக்கும் இடமும் அதுவே. மானிகளைப் பற்றிய கேள்வி அங்கேதான் கூர்மை பெறுகிறது.

4. எந்த மானிகள்

பூஸ்ட் மானியே முதலில் வாங்கப்படுவது. பலர் அதைத் திறனின் அளவாகப் படிக்கின்றனர். உண்மையில் அது தடையின் அளவு. ரூட்ஸ் ஊதுகருவி ஒரு சுற்றுக்கு இவ்வளவு பருமன் காற்று என்று தள்ளும். எஞ்சின் அதை விழுங்க முடியாத அளவுக்கு மேனிஃபோல்டில் அழுத்தம் சேரும். வால்வு வழிகளை விரிவாக்கிச் சீராக்கினால் எஞ்சின் எளிதாக மூச்சு வாங்கும். அப்போது திறன் கூடும், பூஸ்ட் ஊசியோ இறங்கும். இதை அறியாதவர் நல்ல மாற்றத்தைக் கெட்டதென்று எண்ணுவார்.

இரண்டாவது, எரிபொருள் அழுத்தமானி. இதைத் தனியே படிக்கவே முடியாது. எரிபொருள் தெளிப்பான் மேனிஃபோல்டுக்குள் தெளிக்கிறது. அங்கே அழுத்தம் 8 பவுண்டு ஏறினால், தெளிப்பின் வேகம் குறையாதிருக்க எரிபொருள் அழுத்தமும் 8 பவுண்டு ஏறவேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பின்தொடரும் சீராக்கி உள்ள அமைப்பில், 40 பவுண்டு என்பது முழுச்சுமையில் 48 ஆகவேண்டும். ஊசி 40இலேயே அசையாமல் நிற்பது பார்வைக்கு அமைதியானது, எஞ்சினுக்கு ஆபத்தானது. எரிபொருள் பம்பு சோர்ந்துவிட்டது என்பதன் முதல் அறிகுறி அந்த அசையாமையே. ஒரு சொல்லின் பொருள் அதன் தொடரில் விளங்குவதுபோல, ஒரு மானியின் பொருள் அடுத்த மானியின் துணையால் விளங்குகிறது.

மூன்றாவது, காற்று-எரிபொருள் விகிதமானி. புகையிலுள்ள ஆக்சிஜனை உணரும் லாம்டா சென்சாரை பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1976இல் வோல்வோ கார்களில் கலிபோர்னியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நோக்கம் மாசுக் கட்டுப்பாடு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் நிறைவிகிதத்துக்கு இப்புறமா அப்புறமா என்று மட்டுமே அந்தச் சென்சார் கூறும். சூப்பர்சார்ஜர் எஞ்சின் முழுச்சுமையில் ஏறத்தாழ 11.5 முதல் 12 வரையிலான செறிவான கலவையை வேண்டுகிறது. அங்கே பழைய சென்சார் செறிவு என்று சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது. 1990களில் வந்த அகலவீச்சுச் சென்சார்தான் அந்த எண்ணைத் தந்தது. கலவை மெலிந்தால் வெப்பம் ஏறி, தீப்பொறிக்குக் காத்திராமல் கலவை தானே வெடிக்கத் தொடங்கும். பிஸ்டன் உடைவதற்குச் சில நொடிகள் போதும்.

டீசல் லாரியில் இதே இடத்தைப் பைரோமீட்டர் வகிக்கிறது. இரு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் தோன்றும் என்னும் விளைவை 1821இல் தாமஸ் சீபெக் கண்டார். அந்த விளைவே புகையின் வெப்பத்தை ஓட்டுநரின் முன் ஊசியாக அசைக்கிறது. தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும் என்பதையும், பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது என்பதையும் சேர்த்து நினைத்தால், சுமையேற்றி மலையேறும் லாரி ஓட்டுநர் அந்த ஊசியை ஏன் அடிக்கடி பார்க்கிறார் என்பது விளங்கும்.

5. எங்கே அளப்பது

பொருத்துதல் என்பது மானியின் பொருளையே தீர்மானிக்கும் செயல். ரூட்ஸ் ஊதுகருவி பூட்டிய பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் வால்வு வழக்கமாக ஊதுகருவிக்கு முன்னால் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் பூஸ்ட் குழாயைச் செருகினால் அங்கே வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் ஏறவே ஏறாது. மானி பழுதென்று திருப்பி அனுப்புவோரும் உண்டு. ஊதுகருவிக்கும் இன்டர்கூலருக்கும் அப்பால், மேனிஃபோல்டில் அளந்தால்தான் எஞ்சின் உண்மையில் பெறுவது தெரியும். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் அளந்து வேறுபாட்டைப் பார்த்தால் காற்றுப்பாதையின் அடைப்பும் தெரியும்.

பைரோமீட்டரிலும் இதே கதை. டர்போவுக்கு முன் வெளியேற்று மேனிஃபோல்டில் துளையிட்டுச் சென்சாரைச் செருகினால் சிலிண்டரிலிருந்து வந்த புகையின் வெப்பம் தெரியும். துளையிட அஞ்சி டர்போவுக்குப் பின்னால் வைத்தால், டர்பைன் அந்த வெப்பத்தின் ஒரு பகுதியை உழைப்பாக மாற்றியிருக்கும். முழுச்சுமையில் நூறு டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டக்கூடும். எண் ஆறுதலானது, ஆனால் கேட்ட கேள்விக்கான விடை அதுவன்று.

சிறு பிழைகள் பெருந்திரிபுகளாகும் இடங்களும் உண்டு. ஒற்றைக் கம்பிச் சென்சார்கள் எஞ்சின் உடல்வழியே மின்சுற்றை நிறைவு செய்கின்றன. கசிவுக்கு அஞ்சித் திருகுமரையில் டெஃப்லான் நாடாவைத் தடிமனாகச் சுற்றினால் அந்தச் சுற்று குலைந்து ஊசி பிறழும். பைரோமீட்டரின் கம்பி எட்டவில்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியை இடையில் ஒட்டினால், ஒட்டிய இடமும் ஒரு வெப்ப இணைப்பாகித் தன் வெப்பத்தையும் கணக்கில் கலந்துவிடும். அகலவீச்சு ஆக்சிஜன் சென்சாரைப் புகைக்குழாயின் அடிப்புறத்தில் வைத்தால் குளிர்ந்து சேரும் நீர் அதன் சூடான பீங்கானைப் பிளக்கும். கிடைக்கோட்டிலிருந்து குறைந்தது பத்து டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துவது நெறி.

உயிருக்கான நெறி ஒன்றும் உண்டு. போர்டான் குழாய் வகை மானி, அளக்கும் பொருளையே தன் வரைக்கும் கொண்டுவரும். நீராவிக் காலத்தில் வளையமாகச் சுருட்டிய சிறுகுழாயில் நீர் தங்கி, கொதிநீராவி மானியைத் தொடாமல் தடுத்தது. லாரியில் எண்ணெய்க் குழாய் ஓட்டுநர் அறைக்குள் வெடித்தால் காலைச் சுடும். பெட்ரோல் குழாய் வெடித்தால் லாரியே எரியும். எனவே எரிபொருளை நேரே கொண்டுவரும் மானியை அறைக்கு வெளியே முன்கண்ணாடியின் கீழ் வைத்தனர், அல்லது இடையில் உறைதடுப்பு நீர்மம் நிரப்பிய தடுப்பானை வைத்தனர். மின்சாரச் சென்சார் மலிந்தபின் அழுத்தம் எஞ்சின் பக்கமே தங்கிவிட, அறைக்குள் செய்தி மட்டும் வந்தது.

6. யாருக்குக் காட்டுவது

1947இல் ஓஹையோவின் ரைட் ஃபீல்டில் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் ஆகிய உளவியலார், கருவிகளைப் படிப்பதில் விமானிகள் செய்த 270 பிழைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பல ஊசிகள் கொண்ட உயரமானியை ஆயிரம் அடி தவறாகப் படிப்பது அவற்றுள் முக்கிய இடம் பெற்றது. விமானியின் பிழை என்று எழுதப்பட்டவற்றுள் பல, காட்டுமுறையின் பிழைகள் என்பது அந்த ஆய்வின் உட்பொருள். பந்தய ஓட்டுநர்கள் இதைக் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தனர். இயல்பு நிலையில் எல்லா ஊசிகளும் நேர்மேலே நோக்கும்படி மானிகளைத் திருப்பிப் பொருத்தினர். எண்ணைப் படிக்கவேண்டியதில்லை. ஒன்று சாய்ந்திருந்தால் ஓரக்கண்ணுக்கே தெரியும்.

கார் ஆலைகள் வேறு வழியில் சென்றன. 1930களில் ஹட்சன் கார்கள் எண்ணெய் அழுத்தத்துக்கும் மின்னாக்கிக்கும் மானிக்கு மாற்றாக எச்சரிக்கை விளக்குகளை வைத்தன. அமெரிக்க வழக்கில் அவற்றுக்கு முட்டாள் விளக்கு என்று பெயர் வந்தது. பெயர் கடுமையானது, ஆனால் அந்த விளக்கில் ஒரு நேர்மை உண்டு. தனக்கு ஆம், இல்லை என்னும் இரு சொற்களே தெரியும் என்பதை அது மறைப்பதில்லை.

மறைத்தது அதற்குப் பின் வந்தது. 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு நிறுவனம், பிக்கப்கள் உட்படப் பல மாடல்களில் எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் சென்சாரை நீக்கி, வெறும் சுவிட்சை வைத்தது. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 பவுண்டைத் தாண்டினால் சுவிட்ச் மூடும், ஊசி நடுவில் வந்து நிற்கும். 10 பவுண்டானாலும் 60 பவுண்டானாலும் அதே நடு. டேஷ்போர்டில் ஊசி இருக்கிறது, எழுத்துகள் இருக்கின்றன, அளவீடு இல்லை. இயல்பான ஏற்றத்தாழ்வைக் கண்டு வாடிக்கையாளர்கள் கலங்கிச் சேவை மையங்களுக்குப் படையெடுத்தனர் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பல நிறுவனங்களின் நீர்வெப்ப மானிகளும் நடுவில் ஓர் அகன்ற பகுதியில் அசையாதபடி அமைக்கப்பட்டன. வடிவத்தால் மானி, உள்ளடக்கத்தால் விளக்கு.

இந்தக் காரணத்தை முற்றாகப் புறந்தள்ளவும் முடியாது. பொருள் விளங்காத எண் அறிவாவதில்லை, அச்சமே ஆகிறது. ஆலையின் வரம்புக்குள் ஓடும் லாரிக்கு நடுவில் நிற்கும் ஊசி பெருந்தீங்கு செய்யாமலிருக்கலாம். கப்பியை மாற்றிய லாரிக்கு அது தீங்கு. வரம்பைக் கடந்தவருக்கு வரம்புக்குள் இருப்பதுபோன்ற தோற்றத்தை அது தருகிறது. கூடுதல் மானி வாங்குவோர் பலர் அதை அழகுக்காக வாங்குவதாகக் கருதப்படுகிறது. உண்மையில் அவர்கள் திரும்ப வாங்குவது, ஒரு காலத்தில் ஓட்டுநருக்கு உரியதாக இருந்து பின்னர் அமைதியாக விலக்கப்பட்ட தகவலை.

1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களிலும் இலகு லாரிகளிலும் ஓபிடி-2 இணைப்புமுனை கட்டாயமாயிற்று. எஞ்சினின் கணினி அறிந்ததை ஒரு சிறு கருவியால் எவரும் படிக்கலாம். அதுவும் கணினிக்கு இருக்கும் புலன்களுக்கு உட்பட்டதே. சூப்பர்சார்ஜர் இன்றி வந்த லாரியின் மேனிஃபோல்டு சென்சார் பெரும்பாலும் ஒரு வளிமண்டலம் வரையே அளக்கும். பின்னர் ஊதுகருவி பூட்டினால், பூஸ்ட் எவ்வளவு ஏறினாலும் திரையிலுள்ள எண் உச்சத்தில் முட்டி நிற்கும். 2021 மாடலாக வந்த ராம் டிஆர்எக்ஸ் பிக்கப்பில் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின் 702 குதிரைத்திறன் தந்தது. அதன் திரையில் பூஸ்ட் முதலான அளவுகள் பக்கம்பக்கமாக ஒளிர்ந்தன. பைக்ஸ் பீக்கில் மாஸ் படித்தவற்றைவிட மிகப் பல எண்கள். ஆனால் மாஸுக்குத் தம் ஒவ்வோர் எண்ணும் எந்தத் துளையிலிருந்து, எந்தப் பூஜ்யத்திலிருந்து வந்தது என்பது தெரியும்.

டிரெவிதிக் ஒரு வால்வை இயக்குபவரின் கைக்கு எட்டாமல் வைத்தார், பாதரசத்தை அவர் கண்ணுக்கு எட்டும்படி வைத்தார். கையைக் கட்டியவர் கண்ணைக் கட்டவில்லை. எதைத் தானியங்கியிடம் விடலாம், எதை மனிதரிடமிருந்து மறைக்கக்கூடாது என்னும் வேறுபாட்டை 1803இன் விபத்து அவருக்குக் கற்பித்திருந்தது. சூப்பர்சார்ஜர் பூட்டிய லாரியின் டேஷ்போர்டில் புதிதாக ஒரு மானிக்கு இடம் தேடுபவரும், தெரிந்தோ தெரியாமலோ, அதே வேறுபாட்டையே மீண்டும் கேட்கிறார்.